முழங்கால் வரை அரசின் பொறுப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் நலன் இனிமேல் பேணப்படும் என்று மேலிடம் முடிவு செய்த அன்று, அந்தப் பெண்கள் எல்லோரும் வழக்கம்போல மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை. நலன் பேணப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை.

மயிலாடிக்குப் பக்கத்தில் நேசபாயும் அப்போது சாளை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளைப் போனில் பார்த்து, அதிகாலையில் வேதம் வாசித்து, யாரிடமும் உரத்துப் பேசாமல் காலம் கழிக்கிறவள். வீட்டில் உரத்துப் பேசும் பொறுப்பைக் கணவர் சுந்தர்சிங் ஏற்றிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் அடுக்களையைப் பார்த்து அவர் சோறு கேட்டால் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நேசபாய் பின் அறையில் படுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் அவருடைய குறட்டை என்றாள். அந்தக் குறட்டை கல்யாணமான அன்றிலிருந்து உண்டு. பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் குறட்டையின் காலத்தில்தான் பிறந்தார்கள்.

"ஏட்டி நேசம், நான் ஏதாவது தப்பாட்டு பேசிட்டனா?"

"இல்லிய. நீங்க ஒண்ணும் பேசல்ல."

"பொறவு?"

"குறட்டை."

சுந்தர்சிங் குறட்டைக்கு வழி தேடினார். அவர் நாகர்கோவிலுக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்ததும், மூக்கின் மேல் ஒட்டுகிற பட்டை வாங்கி வந்து ஒட்டிக்கொண்டு படுத்ததும் அவளுக்குத் தெரியாது.

உள்ள காரணம் வேறு. மாதவிலக்கு நின்றபின், அவர் பக்கத்தில் வந்தால் அவளுக்கு உள்ளே உப்புத்தாள் வைத்து உரசியதுபோல எரிந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. "எல்லாம் அறிந்தவரே, நீர் அறிவீர்" என்று அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டர் அஜிதாவிடம் தலைவலி என்று தொடங்கி, முதுகு வலி வழியாக, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் போனபிறகு விஷயத்துக்கு வந்தாள். அஜிதாவுக்கு நேசபாயின் இளைய மகளின் வயதுதான் இருக்கும்.

"இதுக்கு இவ்வளவு நாள் என்னம்மா தேய்ச்சீங்க?"

"தேங்கா எண்ணெய் மக்கா."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தையின் உச்சந்தலை தொடங்கி அவியலின் தலை வரை எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய்தான் விடப்படுகிறது. அதற்கு அப்பாற்பட்ட நோய் ஒன்று உண்டென்று யாரும் நம்புவதில்லை.

"நம்ம மரத்துத் தேங்கா. செக்குல ஆட்டுனது" என்றாள் நேசபாய், டாக்டருக்கு எண்ணெயின் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்மா. சிலருக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா சிலருக்கு உள்ளே தங்கி, அரிப்பு, வெள்ளைபடுதல்னு கொண்டுவரும். ஆணுறை போடுற வீட்டில எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் கிழிஞ்சிரும். உங்களுக்கு வேண்டியது தண்ணியில செய்த லூப்ரிகன்ட் ஜெல். வாசனை வேண்டாம். ருசி வேண்டாம். சூடாக்குறது, குளிராக்குறதுன்னு எழுதியிருந்தா எடுக்கவே வேண்டாம். கிளிசரின் இல்லாதது நல்லது. யோனிக்குன்னு லேசா ஒரு புளிப்பு உண்டு, அதுதான் நோய் வராம காக்கிற காவல். பி.எச். நாலுக்குப் பக்கம்னு போட்டிருக்கிற ஜெல்லு அதோட ஒத்துப்போகும். எரிஞ்சா கழுவிட்டு நிறுத்திடுங்க. மாதவிலக்கு நின்னபிறகு ரத்தம் பட்டா ஒருநாள்கூட வைக்காம இங்க வாங்க. ஜெல் போதலைன்னா வேற களிம்பு உண்டு, பரிசோதிச்சுட்டுத் தருவேன்."

யோனி என்று டாக்டர் சொன்னதும் நேசபாய் திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

டாக்டர் தன் மேசையிலிருந்து சின்ன மாதிரி டியூப் ஒன்று கொடுத்தாள். டியூப் வேலை செய்தது. ஒரு வாரம் பின் அறை காலியாகக் கிடந்தது. சுந்தர்சிங் காலையில் பாமாலை பாடிக்கொண்டே பல் தேய்த்தார். பிறகு டியூப் தீர்ந்தது. குறட்டை மறுபடியும் தாங்க முடியாமல் போனது.

மருந்துக் கடையில் வாங்கலாமே என்று படித்தவர்கள் கேட்கக்கூடும். ஊர்க் கடை சபைச் செயலாளர் எபிசனுடையது. எபிசனிடம் இருமல் மருந்து வாங்கினாலே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். நாகர்கோவிலுக்குப் போனாள். பெரிய கடை, கண்ணாடிக் கதவு. உள்ளே நின்றவன் லிஜோ, ஞாயிறு பள்ளியில் அவளிடம் பத்துக் கட்டளை படித்தவன்.

"என்ன வேணும் ஆன்ட்டி?"

"தலைவலித் தைலம்" என்றாள் நேசபாய்.

குழித்துறைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது மருமகளின் சித்தப்பா. அங்கேயும் தலைவலித் தைலம் வாங்கினாள். வீட்டு அலமாரியில் தைலக் குப்பிகள் வரிசையாக நின்றன. வீட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.

இந்த நேரத்தில்தான் டாக்டர் அஜிதா அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அம்மா, மாவட்டம் முழுக்க சுகாதார நிலையங்களுக்கு இந்த ஜெல்லை வாங்கப் போறாங்க. எதை வாங்கலாம்னு பார்க்க நாகர்கோவில்ல ஒரு குழு. விதிப்படி பயனாளி ஒருத்தர் இருக்கணும். யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"நான் போய் என்னத்த மக்கா பேச?"

"பேசவே வேண்டாம்மா. நான் குடுத்த டியூப்பைக் காட்டி, இதுன்னு சொல்லுங்க. அது வந்துட்டா தீரத்தீர இங்கேயே வந்து கவர்ல வாங்கிட்டுப் போயிரலாம். கடைப்பக்கமே போகவேண்டாம்."

கடைப்பக்கமே போகவேண்டாம் என்ற வார்த்தையில் நேசபாயின் மனம் கரைந்தது. ஒரு சின்ன டியூப்புக்காக இவ்வளவு பெரிய அரசாங்கம் ஏற்பாடு செய்கிறதே என்று ஸ்தோத்திரம் சொன்னாள். கணவரிடம் மகளிர் நலக் கமிட்டி என்றாள். சுந்தர்சிங் டீக்கடையில் போய் "நம்ம வீட்டுக்காரி மாவட்டக் கமிட்டியில இருக்கா" என்று அறிவித்தார். எதற்கான கமிட்டி என்று யாரும் கேட்கவில்லை. கமிட்டி என்றால் போதும் என்பது ஊர் வழக்கம்.

குழுவில் அவளைத் தவிர மூன்று பேர். தலைவர், நிர்வாக அலுவலர் குமாரதாஸ், கண்ணாடிபோல மின்னும் தலை. பண்டகக் காப்பாளர் ராஜகுமார். விளம்பர அலுவலர் சுயம்புராஜ், இயற்கை வாழ்க்கைக்கு மாறியவர். காலையில் முருங்கைப்பொடி, மத்தியானம் வரகு, பேச்சில் எப்போதும் பாரம்பரியம். பெண்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பெண்களுக்குச் சிரமம் தரலாகாது என்ற நல்லெண்ணத்தில் மூவரும் ஆண்களாக நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

குமாரதாஸ் எழுந்து படித்தார். "கூட்டப் பொருள். ஐம்பது வயதைக் கடந்த மகளிருக்கான..." அங்கே நின்றார். தண்ணீர் குடித்தார். "மகளிருக்கான மேற்படி பொருளைத் தேர்வு செய்தல்."

"மேற்படின்னா மேலே எங்கயாவது ஒருதடவை சொல்லியிருக்கணும்லா சார்?" என்றார் ராஜகுமார்.

"சொல்லியாச்சு ஓய்."

"எங்க சார்?"

"ரொம்ப மேலே. சென்னையில."

மேசையில் மூன்று மாதிரிகள் வைக்கப்பட்டன. முதலாவது, டாக்டர் கொடுத்த அதே வெள்ளை டியூப். நேசபாய்க்கு உறவுக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. ராஜகுமார் அதைத் திறந்து மோந்தார். புறங்கையில் வைத்துத் தேய்த்தார். மறுபடியும் மோந்தார்.

"ஒண்ணும் மணக்கல்ல சார்."

"நிறம்?"

"அதும் இல்ல. தண்ணி மாதிரி இருக்கு. எரியவும் இல்ல, குளிரவும் இல்ல. பூசுனதா பூசலையான்னே தெரியல்ல."

"அரசாங்கம் குடுத்தா குடுத்தது தெரியணும்" என்றார் குமாரதாஸ். "அட்டையில என்ன போட்டிருக்கு?"

"பி.எச். நாலுன்னு போட்டிருக்கு சார்."

"எத்தனைக்கு?"

ராஜகுமார் போனில் தேடிப் பார்த்தார். "பதினாலுக்கு."

"ஃபெயிலு."

நேசபாய் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "சார், அது மார்க்கு இல்ல. புளிப்பு. உடம்புல அந்த இடத்துல லேசாட்டு ஒரு புளிப்பு உண்டு. அதுதான் காவல். அதுக்கு ஒத்த புளிப்பு ஜெல்லுலயும் வேணும்னு டாக்டர் சொன்னாங்க."

எந்த இடத்தில் என்று கேட்க வாயெடுத்த குமாரதாஸ், ஆபத்தை உணர்ந்து, "டீ சொல்லும் ஓய்" என்றார். கூட்டக் குறிப்பில், பயனாளி உறுப்பினர் புளிப்பு குறித்துக் கருத்துத் தெரிவித்தார் என்றும், அதன்பேரில் டீ வழங்கப்பட்டது என்றும் பதிவானது.

இரண்டாவது மாதிரி ரோஸ் நிறம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஸ்ட்ராபெரி மணந்தது.

"எங்க மச்சான் துபாயிலேருந்து கொண்டுவாற சோப்பு இதேதான் சார்" என்று ராஜகுமார் கண்ணை மூடி மோந்தார். "மார்க்கும் ஏழு. பாதிக்குப் பாதி."

சுயம்புராஜ் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "இனிப்பு உண்டு."

"இனிப்புதான் சார் கேடு" என்றாள் நேசபாய். "கிளிசரின் கூடுனா இருக்குத ஈரத்தையும் உறிஞ்சிப்போடும். வாசனைத் திரவியம் பட்டா அங்கே புண்ணாவும்."

குமாரதாஸ் யோசித்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் நலன் கருதி இரண்டாவது மாதிரி நிராகரிக்கப்பட்டது. முடிவு சரியாக வந்துவிட்டதே என்று நேசபாய்க்கு லேசாகத் தெம்பு வந்தது. அரசாங்க முடிவு சரியாக வரும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்வது?

மூன்றாவது மாதிரி பச்சை நிறக் களிம்பு. பன்னிரு மூலிகை. கிராம்பு, கற்பூரம், புல்தைலம். சுயம்புராஜ் அதை இரண்டு கையாலும் எடுத்தார்.

"கெமிக்கல் கிடையாது. இயற்கை. பாரம்பரியம்."

"மார்க்கு?"

"போடல்ல சார். தமிழ் மருந்துக்கு வெள்ளைக்காரன் என்ன மார்க்கு போட? முழு மார்க்குதான்."

குமாரதாஸ் கொஞ்சம் எடுத்துத் தன் தலையில் தேய்த்தார். மற்ற மூவரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"வேலை செய்யுது" என்றார்.

"சார், எரிச்சல் தாங்காமத்தானே நாங்க மருந்து கேக்கோம்!" என்றாள் நேசபாய்.

"இதைப் பூசுனா பழைய எரிச்சல் தெரியாது அம்மா" என்று சுயம்புராஜ் கனிவாக விளக்கினார். "புது எரிச்சல்தானே தெரியும்."

மூன்றாவது மாதிரி ஏகமனதாகத் தேர்வானது. ஏகமனம் என்பதில் நேசபாயின் மனமும் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது கூட்டத்துக்குப் போக அவளுக்கு மனமில்லை. ஆனாலும் போனாள். இன்னும் ஒருதடவை சொல்லிப் பார்ப்போம், சொல்லாமல் விட்டால் தெரிந்தே விட்டது ஆகிவிடும் என்று பஸ்ஸில் ஜெபித்துக்கொண்டே போனாள். அன்று டியூப்பின் மேல் என்ன அச்சிடுவது என்று பேச்சு. எந்த இடத்தில் பூச வேண்டும் என்று போடுவது கட்டாயம். போடக்கூடாது என்பதும் கட்டாயமாக இருந்தது.

"மேலேயிருந்து வருவோம் சார்" என்றார் ராஜகுமார். "தலை. நெத்தி. கழுத்து."

"கழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் ஓய்."

"அப்பம் கீழேயிருந்து ஏறுவோம். பாதம்."

"ஏறும்."

"கணுக்கால்."

"ஏறும்."

"முழங்கால்."

குமாரதாஸ் கையை உயர்த்தினார். "அங்கே நில்லும். அதுக்கு மேல போனா நான் கையெழுத்துப் போட முடியாது."

இவ்வாறாக, மேற்படி பொருள் "மகளிர் முழங்கால் நலக் களிம்பு" என்று பெயர் பெற்றது.

நேசபாய் எழுந்து நின்றாள். "சார். இது யோனியில வாற வறட்சிக்கு உள்ளது. முழங்காலுக்கு இல்ல."

அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொன்னபிறகு கூரை இடிந்து விழவில்லை என்பதைக் கவனித்தாள். மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றியது. ராஜகுமார் மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது.

"அம்மா, நீங்க பெரியவங்க" என்றார் குமாரதாஸ் மெதுவாக. "கோவில் சபைன்னு போறவங்க."

"ஆமா சார். அதையும் உண்டாக்கினது அவருதானே."

குமாரதாஸ் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். நேசபாயே தொடர்ந்தாள். "முழங்கால்னு எழுதுனா பெண்ணுக முழங்கால்லதான் தேய்ப்பா."

"முழங்கால்ல தேய்ச்சா கெடுதல் வருமா?"

"வராது."

"அந்த... மற்ற இடத்துல தேய்ச்சா?"

"எரிஞ்சு துடிச்சிருவா சார்."

"பாத்தியளா" என்றார் குமாரதாஸ் வெற்றியோடு. "அதுக்குத்தான் முழங்கால்னு போடச் சொல்லுதேன். பாதுகாப்பு முக்கியம்."

கூட்டக் குறிப்பில், மின்விசிறியின் சத்தம் குறித்து விவாதிக்கப்பட்டது என்று எழுதப்பட்டது.

தொடக்கவிழா மயிலாடிப் பக்கமே ஒரு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. பெண்கள் வந்தார்கள். முழங்கால் என்றதும் ஆண்களும் வந்தார்கள். கல்லில் குந்தி வேலை செய்து கால் மடங்காமல் போன சிற்பிகள், வயலில் நின்று தேய்ந்தவர்கள், கட்டுமரம் தள்ளினவர்கள் என்று மாவட்டத்தின் முழங்கால்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. களிம்பு சுள்ளென்று ஏறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெண்களின் அந்தரங்க நலனில் இம்மாவட்டம் மகத்தான முன்னேற்றம் கண்டுள்ளது என்று அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை போனது. எரிச்சல் என்று ஒரு புகார்கூட வரவில்லை.

பயனாளி உறுப்பினர் என்று நேசபாயை மேடையில் இருத்தினார்கள். சுயம்புராஜ் போட்டோக்காரரோடு வந்து, "அம்மா, சேலையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைக் காட்டுங்க. முழங்கால் வரைக்கும் போதும்" என்றார். நேசபாய் கொடுத்த பார்வையில் போட்டோ டியூப்போடு நின்றுவிட்டது.

கூட்டத்தில் சுந்தர்சிங்கும் இருந்தார். அவரும் ஒரு டியூப் வாங்கியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்தார்.

"முழங்காலை நீட்டு ஏட்டி."

"எதுக்கு?"

"இதுக்காகவா நீ பின் ரூமுக்குப் போன? கட்டில்ல ஏற முடியலைன்னு சொல்லியிருந்தா கட்டில் காலை அறுத்திருப்பேன்லா."

அவர் களிம்பை எடுத்து, கண்டக்டர் விரலால் சில்லறை எண்ணுகிற கவனத்தோடு அவளுடைய முழங்காலில் தேய்த்தார். முழங்கால் எரிந்தது. நேசபாய்க்குக் கண் நிறைந்தது. மூன்று அதிகாரிகள் முன்னால் சொன்னதை இந்த மனிதர் முன்னால் சொல்ல ஏன் முடியவில்லை என்று நினைத்தாள். சொன்னாள். உப்புத்தாள் என்றாள். தேங்காய் எண்ணெய் என்றாள். சின்ன டியூப், ஒரு வாரம், கமிட்டி, பதினாலுக்கு நாலு எல்லாம் சொன்னாள். தலைவலித் தைலம் ஏன் அவ்வளவு இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

சுந்தர்சிங் வெகுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

"குறட்டைன்னு சொன்னியே ஏட்டி. நான் மூக்குல பட்டையெல்லாம் ஒட்டிக்கிட்டு, விடிய விடிய மூச்சுகூட விடப் பயந்து கிடந்தேன்."

"பட்டையா?"

"பொறவு? நீ வருவியான்னு பாத்தேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "பேரை எழுதித் தா. நான் போய் வாங்கியாறேன். முப்பது வருசம் ஊருக்கு முன்னால கத்துனவன் நான், எனக்கு என்ன வெக்கம்?" என்று சொல்லி நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்தார்.

சாயங்காலம் திரும்பி வந்து பொட்டலத்தை மேசையில் வைத்தார். தலைவலித் தைலம்.

"லிஜோ நின்னான்" என்றார்.

நேசபாய் மறுநாள் குழு அலுவலகத்துக்குப் போனாள். நிராகரிக்கப்பட்ட முதல் மாதிரியில் ஒரு பெட்டி மீதி இருந்ததைப் பார்த்திருக்கிறாள். யாருக்கும் வேண்டாததை நமக்குத் தரலாமே. ராஜகுமார் அலமாரியைத் திறந்து காட்டினார். பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"தொடர் ஆய்வுக்குப் போயிருக்கு அம்மா."

"எங்க சார்?"

ராஜகுமார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தலைவர் வீட்டுக்குக் கொஞ்சம். சுயம்புராஜ் சார் வீட்டுக்குக் கொஞ்சம். மற்றது... மற்ற இடத்துல."

"மற்ற இடம்னா உங்க வீடா?"

அவர் மின்விசிறியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆய்வு எப்படி சார் இருக்கு?"

"எரிச்சல் இல்ல" என்றார் ராஜகுமார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன்லயே சொல்லி வரவழைக்கலாம் அம்மா. என் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா. அட்டைப்பெட்டியில வரும். வெளியில ஒண்ணும் எழுதியிருக்காது."

இயற்கை வாழ்க்கைக்காரர் வீட்டில் பன்னிரு மூலிகை என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவர் மனைவியின் முழங்காலுக்கு நல்ல சுகம் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

பெட்டி வந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் கண்ணாடி போட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துத்தான் நேசபாய் போனில் வரவழைத்திருந்தாள். அதன்பிறகு பின் அறையில் தேங்காய் கொட்டப்பட்டது. பாமாலை மறுபடியும் பல் தேய்க்கிற இடத்தில் தொடங்கியது.

இரண்டாவது பெட்டி வந்த அன்று, எபிசனின் மனைவி செசிலி படியேறி வந்துகொண்டிருந்தாள். மறைக்க நேரமில்லை.

"என்னட்டி நேசம், பார்சல்?"

நேசபாய் வாயைத் திறந்தாள். மூன்று அதிகாரிகள் முன்னால் சொன்ன வார்த்தை. கணவரிடம் சொன்ன வார்த்தை. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

"முழங்காலுக்கு" என்றாள்.

செசிலி பெட்டியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். "சர்க்காரு குடுத்த முழங்காலா? மற்ற முழங்காலா?"

"மற்றது."

"எனக்கும் மற்ற முழங்கால்தான்" என்றாள் செசிலி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எங்க அவரு மருந்துக்கடை வச்சிருக்காரு. நான் யாருட்டப் போய்க் கேக்க?"

நேசபாய் பெட்டியைத் திறந்து பாதியைக் கொடுத்தாள்.

அடுத்த பெண்கள் சங்கக் கூட்டத்தில் போதகர் வழக்கம்போல ஜெப விண்ணப்பம் கேட்டார். முழங்கால் பலவீனம் என்று செசிலி தொடங்கினாள். பின் வரிசையிலிருந்து ஒரு முழங்கால் வந்தது. ஓரத்திலிருந்து ஒன்று. பிள்ளை பெற்று மூன்று மாதமே ஆன இளம்பெண் ஒருத்தியும் கையை உயர்த்தினாள். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

"நேசபாய் அம்மா மாவட்டக் கமிட்டியில இருந்தவங்க. முழங்காலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

நேசபாய் எழுந்தாள். எல்லா முகமும் அவளையே பார்த்தன. கடவுள் கொடுத்த சந்தர்ப்பம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. போதகரைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"சகோதரிகளே, முழங்காலுக்கு எண்ணெய் வேண்டாம். தண்ணியில செய்த ஜெல் வாங்குங்க. வாசனை உள்ளதும் சுள்ளுனு ஏறுறதும் முழங்காலுக்கு ஆகாது. கிளிசரின் இல்லாததா, புளிப்பு நாலுக்குப் பக்கம் உள்ளதா பாருங்க. எரிஞ்சா கழுவிருங்க. பிள்ளை பெத்தவளுக்கும் கொஞ்ச நாள் முழங்கால் வறண்டு இருக்கும், பயப்படவேண்டாம். ஆனா மாதவிலக்கு நின்னபிறகு முழங்கால்ல ரத்தம் கண்டா, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. போதகர் ஒருவர்தான் தன் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"முழங்கால் சுகத்துக்காக இப்போது ஜெபிப்போம்" என்றார் அவர். "வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே ஜெபிக்கலாம்."

எல்லோரும் சட்டென்று முழங்காலில் நின்றார்கள். ஒருத்தியும் முனகவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியது போதகர் மட்டும்தான்.